எடுத்ததைக் காட்டல, காட்டினதை எடுக்கல: பீட்டில்ஸ் டிவிடி ரெண்டு செட் பார்த்த கதை

ரெண்டு நிமிஷக் கறுப்பு வெள்ளைத் துண்டுக்காக அஞ்சு டிஸ்க் பாக்ஸ் செட் வாங்கின ஆள் நான், அதனால இந்த ரிவ்யூவை எழுதறவனுக்கு புத்தி எந்த அளவுக்கு இருக்கும்னு முதல்லயே கணக்குப் போட்டுக்கங்க. அந்த இங்கிலாந்து பாட்டு கோஷ்டி பீட்டில்ஸோட பாட்டு எல்லாம் போன்லயே கிடைக்குது, அதுக்குன்னு யாரும் டிவிடி வாங்கத் தேவையில்ல. எனக்கு வேணும்னு இருந்தது அவங்க பேர் வெளிய தெரியறதுக்கு முன்னாடி, லிவர்பூல்ல ஒரு பாதாள ரூம்ல பாடிட்டு இருந்தப்ப ஒரு டிவிக்காரன் வந்து எடுத்த அந்தப் படம், அப்புறம் அவங்க முதல் முதலா டிவில வந்த அந்த நாள். ரெண்டுல ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணு யாருக்குமே கிடைக்காது, ஏன்னு சொல்றேன்.

முதல்ல என்னென்ன வாங்கினேன்னு சொல்லிடறேன். ஒண்ணு பீட்டில்ஸ் ஆந்தாலஜி. 1995ல டிவி தொடரா வந்தது, 2003ல டிவிடி ஆச்சு. எட்டு பகுதி, அஞ்சு டிஸ்க், அஞ்சாவது டிஸ்க் முழுக்க எக்ஸ்ட்ரா சமாச்சாரம். இன்னொண்ணு 1+ (ஒன் பிளஸ்னு சொல்லணும்), 2015 நவம்பர்ல வந்தது, பெரிய செட்டுல ஒரு சிடியும் ரெண்டு வீடியோ டிஸ்க்கும், மொத்தம் 50 புரமோ படமும் (பாட்டை விளம்பரம் பண்ண எடுத்தது) வீடியோவும். நான் 1+ஐ முதல்ல வாங்கினேன், அதுல அந்த பாதாள ரூம் படம் இருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டு. அட்டைய ஒழுங்காப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் அதுல அது இல்லன்னு. அதுக்கப்புறம் ஆந்தாலஜிய பழசா ஒரு ஆள்கிட்ட ஆன்லைன்ல வாங்கினேன், பெட்டி வர்றப்பவே ஓரம் உடைஞ்சு, உள்ள டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற பல்லு பாதி போயி, முதல் டிஸ்க் தனியா கலகலன்னு ஆடிக்கிட்டு வந்துச்சு. கேட்டா "அனுப்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு சார்". சரி விடு.

இப்ப அந்தப் படம்.

1962 ஆகஸ்ட் 22, புதன்கிழமை மத்தியானம். லிவர்பூல்ல மேத்யூ ஸ்ட்ரீட்னு ஒரு சந்து, அதுல ஒரு கிடங்குக்குக் கீழ செங்கல் வளைவு வளைவா மூணு சுரங்கம் மாதிரி இருக்கும், அதான் கேவர்ன் கிளப். ஆபீஸ் பசங்க பொண்ணுங்க மத்தியான சாப்பாட்டு நேரத்துல படி இறங்கி வந்து பாட்டு கேட்டுட்டு திரும்பி வேலைக்குப் போவாங்க. மான்செஸ்டர்ல இருந்த கிரனாடா டிவில இருந்து ஒரு சின்ன கோஷ்டி கேமரா, லைட் எல்லாம் தூக்கிட்டு அங்க இறங்குது. லெஸ்லி வுட்ஹெட்னு ஒரு இளவட்டம்தான் அதுக்குப் பொறுப்பு. வடக்கு இங்கிலாந்து மக்களைப் பத்தி ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு துண்டு வேணும், அவ்வளவுதான் அவங்க கணக்கு. பீட்டில்ஸை பெரிய ஆளாக்கணும்னு யாரும் வரல. ஆனா மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனுக்கு இது விளம்பரம்தான், அவங்க சொந்த ரெக்கார்டே இன்னும் வெளிய வரல, அதுக்குள்ள டிவில மூஞ்சி தெரியப்போகுதுன்னா எந்த மேனேஜர் வேண்டாம்பான்.

இதுல நீங்க தேதியைக் கவனிக்கணும், தேதிலதான் எல்லாமே இருக்கு. ஆகஸ்ட் 16ந்தேதி, அதாவது ஆறு நாள் முன்னாடி, ரெண்டு வருஷமா டிரம்ஸ் வாசிச்சிட்டு இருந்த பீட் பெஸ்ட்டை எப்ஸ்டைன் தன்னோட கடை ஆபீசுக்குக் கூப்பிட்டு, பசங்களுக்கு நீ வேண்டாமாம்னு சொல்லி அனுப்பிட்டார். மத்த மூணு பேரும் அந்த ரூம்ல இல்லவே இல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் ஒருத்தனுக்கும் இல்ல. 18ந்தேதி ரிங்கோ ஸ்டார் உள்ள வந்தாச்சு. 22ந்தேதி கேமரா. 23ந்தேதி ஜான் லெனனுக்குக் கல்யாணம், மவுன்ட் பிளசன்ட் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல, கூட்டம் கூட்டாம. அப்ப இந்தப் படத்துல நீங்க பார்க்கறது மறுநாள் தாலி கட்டப்போற ஒருத்தன், வந்து நாலே நாள் ஆன டிரம்மர் ஒருத்தன், போன வாரம்தான் நண்பனை வெளிய அனுப்பிட்டு அதைப் பத்தி வாயே தொறக்காத மூணு பேர். இது எதுவும் தெரியாமப் பார்த்தா நாலு பசங்க பாடறாங்க, அவ்வளவுதான்.

பாட்டு "சம் அதர் கை". அமெரிக்காவுல ரிச்சி பேரெட் பாடினது, அப்ப லிவர்பூல்ல ஏகப்பட்ட குரூப் இதைப் பாடிட்டு இருந்துச்சு. ஜானும் பால் மெக்கார்ட்னியும் ஒரே வரியை ஒண்ணாச் சேர்ந்து கத்தறாங்க, இணைக்குரல் எல்லாம் பெருசா இல்ல, ரெண்டு தொண்டையும் ஒரே மாட்டைக் கட்டி இழுக்கற மாதிரி. பால் இடது கைக்காரர், அதனால அவரோட பாஸ் கழுத்து ஒரு பக்கம் ஜானோட ரிக்கன்பேக்கர் கிட்டார் கழுத்து எதிர்ப்பக்கம் நீட்டிட்டு நிக்குது, பின்னாடி இவங்களோட அடையாளமா ஆகப்போற அந்தக் காட்சி அன்னைக்கே இருக்கு. டை கட்டியிருக்காங்க, ஜெர்மனில ஹாம்பர்க் கிளப்புகள்ல வாசிச்சப்ப போட்டுட்டுத் திரிஞ்ச லெதர் ஜாக்கெட்டை எப்ஸ்டைன் கழட்ட வெச்சாச்சு. ஜான் காலை அகட்டி நின்னு தலையை லேசா தூக்கி, யாரோ சவால் விட்ட மாதிரி முன்னாடி பார்த்துப் பாடறார், இந்த நிப்பு கடைசி வரைக்கும் மாறவே இல்ல. ஜார்ஜ் ஹாரிசன் கண்ணு கிட்டார்லயேதான். ரிங்கோ பின்னால. அந்த டிரம்ஸ் சத்தத்தைக் கேளுங்க, நாலு நாள் ஆனவன் வாசிக்கிற மாதிரியா இருக்கு? அதுக்கு முன்னாடி ரோரி ஸ்டார்ம்னு இன்னொரு லிவர்பூல் குரூப்ல வருஷக்கணக்குல வாசிச்ச கை, ஹாம்பர்க்ல ராத்திரி ராத்திரியா தேய்ஞ்ச கை. பாட்டு எங்கயும் தடுமாறல, தள்ளிக்கிட்டே போகுது.

சவுண்டு மோசம்தான். சுரங்கத்துல மைக் வெச்சா எப்படி இருக்கும், எல்லாம் மேல மேல மோதி ஒரே இரைச்சல். படமும் கரகரன்னு, கறுப்பு எங்க முடியுது வெள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாத மாதிரி சில இடம். ஆனா வேர்வை தெரியுது. அந்த ரூமோட சூடு தெரியுது. சுத்தமா துடைச்சு எடுத்த எந்த பிற்காலக் கிளிப்லயும் இது இல்ல.

அப்புறம் பாட்டு முடியுது, கை தட்டறாங்க, அந்த சத்தத்துக்குள்ள ஒரு குரல் கத்துது, எங்களுக்கு பீட் வேணும்னு.

இதுக்காகத்தான் நான் காசு கொடுத்தேன்னு சொன்னா நம்புவீங்களா. அந்த ஒரு கத்தலுக்காக. ரிங்கோ அங்கதான் உக்காந்திருக்கார், காதுல விழாம இருக்க வாய்ப்பே இல்ல, அது அவ்வளவு சின்ன ரூம். பீட் பெஸ்ட்டோட ரசிகர்கள் அந்த வாரம் சும்மா விடல, கேவர்ன்ல நடந்த தள்ளுமுள்ளுல ஜார்ஜுக்கு கண்ணு கறுத்து வீங்கிப் போச்சு, செப்டம்பர் ஆரம்பத்துல லண்டன்ல ரெக்கார்டிங் போனப்ப எடுத்த போட்டோலகூட அந்தக் கறுப்பு தெரியும். ஒரு வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள், உங்க சீட்டுல முன்னாடி இருந்தவன்தான் வேணும்னு ஆபீஸ்ல ஒருத்தன் எல்லார் முன்னாடியும் கத்தறான், அதையும் கேமராவுல பிடிச்சு வெச்சிட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இவ்வளவு சொன்னேன்ல, இந்தப் படத்தை அப்ப டிவில போடவே இல்ல. தரம் பத்தலைன்னு கிரனாடா ஓரமா வெச்சிடுச்சு. அலமாரில கிடந்துச்சு. 1963 நவம்பர்ல, பீட்டில்ஸ் பேரைச் சொன்னாலே இங்கிலாந்தே கிறுக்குப் பிடிச்சு ஆடின நேரத்துல, ஏதோ புதையல் கிடைச்ச மாதிரி எடுத்து போட்டாங்க. அப்ப அது செய்தியே இல்ல, ஞாபகார்த்தம்.

ஆனா கிரனாடா ஆளுங்க அவங்களை மறக்கல. "லவ் மீ டூ" ரெக்கார்டு 1962 அக்டோபர் 5ந்தேதி வெளிய வந்துச்சு, சரியா 12 நாள் கழிச்சு, அக்டோபர் 17 புதன்கிழமை, மான்செஸ்டர் ஸ்டூடியோவுல "பீப்பிள் அண்ட் பிளேசஸ்"ங்கற மாலை நிகழ்ச்சில லைவா வந்தாங்க. அதுதான் முதல் டிவி. அறிமுகப்படுத்தினவர் கே பர்ன், பின்னாடி அயர்லாந்துல பெரிய டிவி புள்ளி ஆன மனுஷன். பாடின பாட்டு ரெண்டு, "சம் அதர் கை"யும் "லவ் மீ டூ"வும். இதுல எனக்குப் பிடிச்சது அந்த நாளோட ஓட்டம்தான், மத்தியானம் கேவர்ன்ல வாசிச்சிட்டு, சாமான் செட்டை வண்டில ஏத்திட்டு முப்பது மைல் மான்செஸ்டர் போயி, டிவில மூஞ்சியைக் காட்டிட்டு, திரும்ப வந்து ராத்திரி மறுபடி கேவர்ன்ல வாசிச்சிருக்காங்க. முதல் டிவிக்குன்னு லீவு போடல. கொண்டாட்டம் இல்ல. மூணு ஷிப்ட்.

அந்த நிகழ்ச்சி வடக்குப் பக்கம் மட்டும்தான் தெரியும், கிரனாடா எல்லை அவ்வளவுதான். லண்டன்ல ஒருத்தனும் பார்க்கல. நாடு முழுக்கத் தெரிஞ்சது அடுத்த வருஷம் ஜனவரி 19ந்தேதி, "தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்" நிகழ்ச்சில "பிளீஸ் பிளீஸ் மீ"க்கு வாயசைச்சது. அந்தக் குளிர்காலத்துல இங்கிலாந்து பனில உறைஞ்சு கிடந்துச்சு, ஜனங்க வீட்டை விட்டு வெளிய போகல, சனிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் டிவி முன்னாடி. இயற்கையே விளம்பரம் பண்ணிச்சு.

அக்டோபர் 17 நிகழ்ச்சியோட படம்? இல்ல. லைவ், காத்துல போச்சு. அப்ப டேப் விலை அதிகம், ஊர்ப்பக்கத்து மாலை நிகழ்ச்சியை யாரு பதிஞ்சு வெப்பாங்க, பதிஞ்சாலும் மேலயே வேற ஒண்ணைப் பதிஞ்சிடுவாங்க. ஆக, எடுத்த படத்தைக் காட்டல, காட்டினதை எடுத்து வெக்கல. பின்னாடி போட்டோவும் பிலிமுமா எடுத்துத் தள்ளப்பட்ட ஒரு பாட்டு கோஷ்டிக்கு ஆரம்பம் இப்படித்தான். எந்த டிவிடி செட்டும், எத்தனை டிஸ்க் போட்டாலும், இந்த ஓட்டையை அடைக்க முடியாது, அதுக்கு ஆந்தாலஜியைக் குறை சொல்லல.

ஆந்தாலஜியைக் குறை சொல்றது வேற ஒரு விஷயத்துக்கு. தொடர் முழுக்க நரேட்டர் கிடையாது, பால், ஜார்ஜ், ரிங்கோ அவங்களே சொல்றாங்க, ஜான் குரல் பழைய பேட்டிலேந்து, கூட அவங்க ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், கூடவே இருந்த உதவியாளர் நீல் ஆஸ்பினால், பத்திரிகைத் தொடர்பு பார்த்த டெரக் டெய்லர். வீட்டுல உக்காந்து பெரியவங்க பழங்கதை பேசற சுகம் அதுல இருக்கு, உண்மைலயே இருக்கு, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் மறுக்கறதை அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. ஆனா பீட் பெஸ்ட் பேட்டி இல்ல. ஒரு நிமிஷம்கூட இல்ல. ரெண்டு வருஷம் கூட வாசிச்சவன், உயிரோட இருக்கறவன், கேமராவை எடுத்துட்டுப் போயி நாலு கேள்வி கேக்கறதுக்கு என்ன? அதே ஆந்தாலஜியோட முதல் ஆல்பம் அட்டையைப் பாருங்க, கிழிஞ்ச போஸ்டர் ஒட்டின மாதிரி டிசைன், அதுல பீட் தலை இருக்கற இடம் மட்டும் கிழிச்சு எடுத்து அந்த ஓட்டை வழியா ரிங்கோ மூஞ்சி தெரியுது. வடிவமைப்பு பிரமாதம், கிளாஸ் ஃபோர்மன் கைவண்ணம். ஆனா மனுஷன் அதைப் பார்த்தா எப்படி இருக்கும். நல்லவேளை அந்த ஆல்பத்துல அவர் வாசிச்ச பாட்டுங்க இருக்கறதால ராயல்டி கிடைச்சுது, முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்து. "எங்களுக்கு பீட் வேணும்"னு கத்தின அந்த குரலுக்கு வந்த ஒரே பதில் அந்த செக்குதான் போல.

சரி, டிரம்ஸ் கதை இன்னும் முடியல, 1+க்கு வர்றேன்.

1+ல முதல் வீடியோவே "லவ் மீ டூ". போட்டதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இந்தப் பாட்டை 1962ல மூணு தடவை ரெக்கார்டு பண்ணாங்க, மூணு தடவையும் டிரம்ஸ்ல வேற வேற ஆள். ஜூன் 6ல பீட் பெஸ்ட். செப்டம்பர் 4ல ரிங்கோ. செப்டம்பர் 11ல, ரிங்கோ வாசிச்சதும் திருப்தி இல்லைன்னு, ஆண்டி வைட்டுனு கூலிக்கு வாசிக்கிற ஸ்டூடியோ ஆளைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, ரிங்கோ கைல டாம்பரின் கொடுத்துட்டாங்க. 1+ல கேக்கறது அந்த ஆண்டி வைட் வாசிச்சது. படத்துல டிரம்ஸ் அடிக்கறது ரிங்கோ, அதுவும் 1963ல எடுத்த காட்சி. அதாவது ஒரு வருஷம் கழிச்சு எடுத்த கை, வேற ஒருத்தனோட சத்தத்துக்கு மேல ஒட்டியிருக்கு. ஃபிரேம் ஃபிரேமா துடைச்சு ரீஸ்டோர் பண்ணியிருக்காங்க, பளபளன்னு இருக்கு, டிரம் தோல்ல இருக்கற கீறல்கூடத் தெரியும் போல இருக்கு, ஆனா பொய். கேவர்ன் படம் கரகரன்னு இருக்கு, ஆனா அந்தக் கைதான் அந்தச் சத்தம். எனக்கு எது வேணும்னு அப்பதான் சரியாப் புரிஞ்சுது.

அக்டோபர் 17 மான்செஸ்டர்ல ரிங்கோ இதே பாட்டை லைவா வாசிச்சிருப்பார்ல, ஆண்டி வைட்டும் இல்லாம பீட்டும் இல்லாம, தன் கையால. அதைத்தான் ஒருத்தனும் பதியல. கடுப்பா இருக்கு.

ஆனா 1+ஐ ஒரேயடியா தள்ளிடாதீங்க, அதோட பலம் 1965லேந்துதான். அந்த வருஷம் நவம்பர் 23ந்தேதி ட்விக்கனம் ஸ்டூடியோவுல ஜோ மெக்ராத் டைரக்ட் பண்ண, அஞ்சு பாட்டுக்கு பத்து படம், ஒரே இழுப்புல ராத்திரி வரைக்கும் எடுத்துத் தள்ளிட்டாங்க. மொத்த செலவு 750 பவுண்டுன்னு சொல்வாங்க. காரணம் ரொம்ப எளிமை, ஒவ்வொரு டிவி ஸ்டேஷனுக்கும் நாலு பேரையும் அனுப்பறதுக்கு பதிலா டேப்பை அனுப்பிடலாம். மூணு வருஷம் முன்னாடி ஒரு டிவிக்காக மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் வண்டில ஓடினவங்க, இப்ப வீட்டுல இருந்துக்கிட்டே உலகம் முழுக்கப் போறாங்க. ஆந்தாலஜில ஜார்ஜ் சிரிச்சிட்டே சொல்வார், ஒரு வகைல எம்டிவிய நாங்கதான் கண்டுபிடிச்சோம்னு.

அதுல "ஐ ஃபீல் ஃபைன்" படத்தை மட்டும் திருப்பித் திருப்பி நாலு தடவை பார்த்துட்டேன். உடற்பயிற்சி சாமான் எல்லாம் சுத்திக் கிடக்கு. ஜார்ஜ் மைக்குக்கு பதிலா குத்துச்சண்டைப் பந்தைப் பார்த்துப் பாடறார். ரிங்கோ டிரம்ஸையே தொடல, எக்சர்சைஸ் சைக்கிள்ல ஏறி பெடல் மிதிச்சிட்டே இருக்கார், பாட்டுல டிரம்ஸ் பாட்டுக்கு டமடமன்னு ஓடுது, மனுஷன் சைக்கிள் ஓட்டறார். இதைப் பார்த்துட்டு கேவர்னை நினைச்சுக்கங்க. நாலு நாள் ஆனவன் உயிரைக் கொடுத்து வாசிச்சும் பீட் வேணும்னு கத்தினாங்க, இப்ப வாசிக்கவே வேண்டாம், சும்மா சைக்கிள் மிதிச்சாப் போதும், ரிங்கோ ரிங்கோதான்.

அதே பாட்டுக்கு இன்னொரு படமும் இரண்டாவது டிஸ்க்ல இருக்கு, அதுல நாலு பேரும் உக்காந்து பேப்பர்ல சுத்தின மீன் வறுவலும் சிப்ஸும் தின்னுட்டு இருக்காங்க. பாட்டு ஓடுது, வாயசைக்கவும் நேரமில்ல, வாய் நிறைய சிப்ஸ். எப்ஸ்டைன் இதைப் பார்த்துட்டு வெளிய விடவே கூடாதுன்னுட்டார். மறுபடி பாருங்க, எடுத்தாங்க, காட்டல. அம்பது வருஷம் கழிச்சு ஒரு செட்டுக்குள்ள வருது. என் அக்கா பையன் பதினாறு வயசு, கேவர்ன் படத்தை "ஏன் மாமா இவ்வளவு மங்கலா இருக்கு"ன்னு தாண்டிட்டுப் போனவன், இந்த சிப்ஸ் படத்துக்கு மட்டும் போனைக் கீழ வெச்சுட்டு உக்காந்து பார்த்தான். "இது இப்ப போட்டாலும் ஓடும் மாமா"ன்னான்.

"வி கேன் வொர்க் இட் அவுட்"ல ஜான் ஹார்மோனியத்துல உக்காந்துக்கிட்டு மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சு பாலைச் சிரிக்க வைக்கப் பார்க்கறார், பால் அடக்கி அடக்கிப் பார்த்து கடைசில தோத்துடறார். "டே டிரிப்பர்"ல ரிங்கோ ரம்பத்தை எடுத்து செட்டையே அறுக்க ஆரம்பிச்சிடறார். "ஹெல்ப்!"ல வரிசையா பெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்காங்க, ரிங்கோ குடை பிடிச்சிருக்கார், மேல போலிப் பனி கொட்டுது. பத்து படத்துலயும் யாரும் சிரமப்பட்ட மாதிரியே தெரியாது, அதுதான் அதோட அழகு, அதுதான் சலிப்பும். ஒரே மூச்சுல பார்த்தா மூணாவது படத்துல கொட்டாவி வரும், தினம் ஒண்ணு பாருங்க.

1965 படங்கள் வீடியோ டேப்ல எடுத்தது, எவ்வளவு துடைச்சாலும் ஒரு அளவுக்கு மேல கூர்மை வராது. 1966 மே மாசம் மைக்கேல் லிண்ட்சே ஹாக் எடுத்த "பேப்பர்பேக் ரைட்டர்", "ரெயின்" பிலிம்ல எடுத்தது, கலரும் உண்டு, சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்துல எடுத்தது. அதைப் பெரிய டிவில போடுங்க. இலைப் பச்சை கண்ணுல ஒட்டிக்கும். பாலுக்கு முன்பல்லு ஓரம் உடைஞ்சிருக்கும், அதுக்கு முந்தின கிறிஸ்மஸ் சமயத்துல மோபெட்ல இருந்து விழுந்ததுல உடைஞ்சது, வாயைத் திறந்து பாடறப்ப ரீஸ்டோர் பண்ணின பிரிண்ட்ல நல்லாவே தெரியுது. பல்லைக் கட்டிட்டு வந்து நில்லுப்பான்னு சொல்ல அப்ப அவங்களுக்கு மேல யாரும் இல்ல.

"ஹலோ குட்பை"யும் இருக்கு, 1967 நவம்பர்ல சாவில் தியேட்டர்ல பாலே டைரக்ட் பண்ணினது, "சார்ஜென்ட் பெப்பர்" ஆல்பம் அட்டைல போட்ட அந்த சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு. இதையும் அப்ப பிபிசியால போட முடியல, வாயசைக்கறதுக்கு இசைக் கலைஞர் யூனியன் தடை போட்டிருந்துச்சு, படத்தைப் பார்த்தா வாயசைக்கறாங்கன்னு பச்சையா தெரியுது. பால் கமென்டரி இதுக்கு இருக்கு, ரிங்கோ முன்னுரையும் அங்கங்க வரும், ரெண்டுமே கம்மி, அம்பது வீடியோவுக்கு கை விரல் விட்டு எண்ணற அளவுதான். காசு வாங்கறீங்கள்ல, அந்த மனுஷங்களை இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சிருக்கலாம்.

இன்னொரு குறை, 1+ல எந்தப் படம் எந்த நாள் எங்க எடுத்ததுங்கற விவரம் புத்தகத்துல இருக்கு, திரையில வராது. புத்தகத்தை மடில வெச்சுக்கிட்டு விளக்கைப் போட்டுக்கிட்டு டிவி பார்க்க வேண்டியிருக்கு. சவுண்டு மேல குறையே சொல்ல முடியாது, ஜார்ஜ் மார்ட்டின் பையன் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் ஆபி ரோடு ஸ்டூடியோவுல புதுசா மிக்ஸ் பண்ணியிருக்காங்க, ஹெட்போன்ல கேட்டா பாஸ் தனியா நடந்து வர்றது தெரியும்.

ஆந்தாலஜியை எடுத்தீங்கன்னா எட்டு பகுதியையும் பார்க்கற பொறுமை வேணும். முதல் ரெண்டு பகுதி தங்கம். நடுவுல டூர், டூர், ஏரோப்ளேன், ஹோட்டல், கூச்சல், கொஞ்சம் அலுக்கும், அவங்களுக்கே அலுத்துப் போன காலம்தான் அது, அதனால நியாயம்தான்னு வெச்சுக்கலாம். அஞ்சாவது டிஸ்க்ல மூணு பேரும் ஜார்ஜ் வீட்டுத் தோட்டத்துல உக்காந்து யுகலேலி (குட்டி கிட்டார் மாதிரி இருக்கும்) வாசிச்சிட்டு பழைய பாட்டு பாடறது இருக்கு, அதை கடைசில பாருங்க, முன்னாடியே பார்த்துடாதீங்க. இப்ப 2025 நவம்பர்ல டிஸ்னி பிளஸ்ல புதுசா ரீஸ்டோர் பண்ணி ஒன்பதாவது பகுதியும் சேர்த்துப் போட்டிருக்காங்க, சந்தா இருக்கறவங்க அங்க பார்த்துக்கங்க, என்னை மாதிரி உடைஞ்ச பெட்டி வாங்கி அவஸ்தைப் பட வேண்டாம்.

என் டிஸ்க் என்ன ஆச்சுன்னா, பல்லு உடைஞ்ச பெட்டில ஆடி ஆடி வந்ததுல கீழ வட்டமா ஒரு கீறல். ஹாம்பர்க் வர்ற இடத்துல சிக்கி, பீட் பெஸ்ட் டிரம்ஸ் முன்னாடி உக்காந்திருக்கற போட்டோல அப்படியே நின்னுடுது, ரிமோட்ல என்ன அமுக்கினாலும் நகர மாட்டேங்குது, அந்த ஆள் நம்மளையே பார்த்துட்டு இருக்கார். வெளிய எடுத்து சட்டை ஓரத்துல துடைச்சுப் போட்டு, நேரா கேவர்னுக்குத் தாவினா ஒழுங்கா ஓடுது.